கடிதத்தை அடுக்கும் விதி யார் கையில்?

மின்னஞ்சல் இன்று வழியில் தொலைவதில்லை. வந்து சேர்ந்த பிறகுதான் தொலைகிறது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு 'விளம்பரங்கள்' பகுதிக்குள் கிடக்கிறது. காப்பீட்டுத் தவணை நினைவூட்டல் தள்ளுபடி அறிவிப்புகளுக்கு அடியில் புதைகிறது. பரிசோதனைக்கூடம் அனுப்பிய முடிவு ஸ்பேம் பெட்டியில் முப்பது நாள் இருந்துவிட்டுத் தானாக அழிந்துபோகிறது. அனுப்பியவர் அனுப்பிவிட்டார், பெறுபவரின் முகவரிக்கு அது வந்தும்விட்டது. இடையில் யாரோ கடிதங்களை இனம் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். எந்த விதிப்படி அடுக்கினார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. நம் தபால் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 6 என்று தொடங்கினால் கடிதம் தமிழ்நாடு, கேரளம் பக்கம் போகும் என்பது பிரிக்கும் ஊழியருக்கும் தெரியும், உறையில் எண்ணை எழுதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். விதி பொதுவில் இருந்தது. கடிதம் தவறான ஊருக்குப் போனால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க முடிந்தது. மின்னஞ்சலிலும் அப்படி ஒரு விதி, படிக்கவும் திருத்தவும் கூடிய விதி, கடிதத்துக்கு உரியவரின் கையில் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அது நடைமுறையில் சாத்தியம் என்பதற்குச் சான்று, கட்டளைவரி அஞ்சல் கருவிகள் என்ற பழைய மரபில் இருக்கிறது. பொத்தான்களைச் சொடுக்காமல், கட்டளையை எழுத்தில் தட்டிக் கணினியிடம் வேலை வாங்கும் மரபு அது.

அடுக்கும் உரிமை ஒரே நாளில் நம் கையை விட்டுப் போய்விடவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு ஜிபி இடத்துடன் ஜிமெயில் வந்தபோது, எதையும் அழிக்க வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம் என்றது. கடிதத்தைப் பெட்டிக்குள் பூட்டாமல், அதன் மேல் 'லேபிள்' ஒட்டச் சொன்னது. லேபிளின் பெயரை வைத்தவரும் விதியை எழுதியவரும் பயனர்தான். 2010இல் 'முன்னுரிமை இன்பாக்ஸ்' வந்தது. எது முக்கியம் என்று நிறுவனத்தின் கணிப்பு முறை சொல்லத் தொடங்கியது. 2013இல் முதன்மை, சமூகம், விளம்பரங்கள் என்று தாவல்கள் வந்தன. பிரிவுகளின் பெயர்களையும் நிறுவனமே வைத்தது. அந்த விளம்பரத் தாவலில், வந்த கடிதங்களைப் போலவே தோற்றமளிக்கும் கட்டண விளம்பரங்களும் இடம்பெறுகின்றன. கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து விளம்பரம் தேர்ந்தெடுப்பதை நிறுத்தப்போவதாக கூகுள் 2017 ஜூனில்தான் அறிவித்தது. கடிதங்களை அடுக்குபவரே அந்த அலமாரியில் இடத்தையும் விற்கிறார் என்றால், அடுக்கும் விதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது சந்தேகப் புத்தியாகாது. கடை வைத்திருப்பவரின் தராசைச் சோதிப்பது போன்ற சாதாரண முறைமை அது.

விதி நம்மிடம் இல்லாதபோது வேறொரு இழப்பும் நேர்கிறது. 2014 அக்டோபரில் கூகுள் 'இன்பாக்ஸ்' என்ற தனிச் செயலியை வெளியிட்டது. பயணம், கொள்முதல், நிதி என்று கடிதங்களைக் கட்டுக்கட்டாகக் காட்டிய அந்த முறை பலருக்குப் பிடித்திருந்தது. அன்றாட வேலையையே அதைச் சுற்றி அமைத்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் செயலி மூடப்பட்டது. கடிதங்கள் எங்கும் போகவில்லை. அவற்றைக் கட்டுக்கட்டாகக் காட்டிய முறை ஜிமெயிலுக்கு அப்படியே வந்து சேரவில்லை. ஒருவர் தம் கடிதங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழகி வைத்திருந்த ஒழுங்கு, இன்னொருவரின் வணிக முடிவால் ஒரே நாளில் கலைந்தது. அதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போகவோ வேறொரு செயலியில் ஓட்டிப் பார்க்கவோ வழி இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான மரபு மின்னஞ்சலின் தொடக்க காலத்திலேயே உருவாகிவிட்டது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் எம்.ஹெச். என்ற அஞ்சல் அமைப்பை எழுதினார்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. எடுக்க ஒரு கட்டளை, பட்டியலிட ஒரு கட்டளை, வேறிடத்தில் வைக்க ஒரு கட்டளை. 1990இல் ஸ்டீபன் வான் டென் பெர்க் எழுதிய ப்ராக்மெயில், கடிதம் வந்து விழும்போதே விதிப்படி பிரித்து வைத்தது. 1990களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் க்யூமெயில் என்ற அஞ்சல் சர்வருக்காக மெயில்டிர் என்ற சேமிப்பு முறையை வகுத்தார். வரும் கடிதம் முதலில் தற்காலிக அடைவில் முழுதாக எழுதப்பட்டு, அதன் பிறகே 'புதிது' என்ற அடைவுக்கு நகர்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கடிதம் பெட்டியில் சேராது. 2001இல், சல்லடை என்று பொருள்படும் 'சீவ்' என்ற விதிமொழி இணையத் தரமாக வெளியானது. 2008இல் அது திருத்தி எழுதப்பட்டது. மின்வாரிய முகவரியிலிருந்து வந்தால் கட்டணப் பெட்டியில் போடு, இந்தக் குழுவின் அடையாள வரி இருந்தால் அந்தக் குழுவின் பெட்டியில் போடு என்கிற அளவில்தான் அதன் வாக்கியங்கள் இருக்கும். அடிப்படை மொழியில் சுழற்சிக் கட்டளைகளை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டார்கள். யாரோ எழுதிய விதி சர்வரை முடக்கிவிடக் கூடாது என்பது காரணம். அதனால் விளைந்த இன்னொரு நன்மை, எழுதிய விதியை மேலிருந்து கீழாகப் படித்தாலே என்ன நடக்கும் என்று புரிந்துவிடுவது.

இந்த மரபில் மிகவும் முதிர்ந்த சிந்தனை என்று நான் கருதுவது, கார்ல் வொர்த் 2009இல் வெளியிட்ட நாட்மச். அதற்கு முன்னோடி வில்லியம் மார்கன் எழுதிய 'சப்' என்ற நிரல். பெட்டி போட்டுப் பிரிப்பதில் உள்ள பழைய சிக்கலை நாட்மச் வேரிலேயே தீர்க்கிறது. கல்லூரியிலிருந்து வந்த, மகளுடைய, விடுதிக் கட்டணம் பற்றிய கடிதத்தைக் கல்லூரிப் பெட்டியில் வைப்பதா, மகள் பெயர் போட்ட பெட்டியில் வைப்பதா, வருமான வரிக் கணக்குக்கான பெட்டியில் வைப்பதா? கோப்புறை ஒரே பதிலைத்தான் ஏற்கும். 'டேக்' எனப்படும் குறிச்சொல்லோ மூன்றையும் ஏற்கும். நாட்மச் கடிதக் கோப்புகளுக்குள் எதையும் எழுதுவதில்லை. ஸாபியன் என்ற தேடல் நூலகத்தைக் கொண்டு தனியே ஓர் அட்டவணை கட்டி, குறிச்சொற்களை அதில் வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிச்சொற்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் சாதாரண உரைக்கோப்பாக இறக்கலாம், திரும்ப ஏற்றலாம். கணினி மாறினாலும் பத்தாண்டு உழைப்பு கூடவே வரும்.

இதைவிடப் பெரிய விஷயம், நாட்மச்சில் விதி என்பதும் தேடல் என்பதும் ஒன்றே. 'இந்த அனுப்புநரிடமிருந்து, இந்தத் தேதிக்குப் பிறகு, தலைப்பில் ரசீது என்று வருகிற கடிதங்கள்' என்று முதலில் தேடிப் பார்க்கலாம். எத்தனை கடிதங்கள் சிக்குகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். அகப்படக் கூடாதது அகப்பட்டிருந்தால் நிபந்தனையைத் திருத்தலாம். சரியாக வந்த பிறகு, அதே வரிக்கு முன்னால் குறிச்சொல்லைச் சேர்த்தால் அதுவே விதியாகிவிடும். நேற்று வந்த கடிதத்துக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய கடிதத்துக்கும் அது சேர்ந்தே பொருந்தும். தவறாகிவிட்டதா? சேர்த்ததை அதே போன்ற வரியால் நீக்கிவிடலாம். கடிதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டுச் செயல்படுத்துவது, செயல்படுத்தியதைத் திரும்பப் பெறுவது, ஏன் அப்படி நடந்தது என்று வாசித்து அறிவது ஆகிய மூன்றும் நல்ல நிர்வாகத்தின் இலக்கணம். அரசு ஆணையிடம் நாம் எதிர்பார்க்கும் இவற்றை, நம் கடிதங்களை அடுக்கும் முறையிடம் எதிர்பார்க்காமல் விட்டுவிட்டோம்.

இது ஒரு சில ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. உலகின் பெரும்பாலான சர்வர்களையும் ஆண்ட்ராய்டு கைபேசிகளையும் இயக்கும் லினக்ஸ் கெர்னலின் மேம்பாடு இன்றும் மின்னஞ்சல் வழியாகத்தான் நடக்கிறது. பல நாடுகளின் நிரலாளர்கள் தங்கள் திருத்தங்களைச் சாதாரண உரைக் கடிதங்களாக அனுப்புகிறார்கள். மற்றவர்கள் அவற்றை வரிவரியாக விமர்சித்துப் பதில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. பதில் கடிதம் எந்த எண்ணுக்குப் பதில் என்பதை அதன் தலைவரிகள் சொல்கின்றன. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு விவாதம் முழுவதையும் கோத்துத் தரும் கருவிகள் இருக்கின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் குவியும் கடிதங்களில் தமக்கு உரியதைத் தவறவிடாமல் எடுக்க வேண்டிய பொறுப்பாளர்களில் பலர், 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய மட் போன்ற முனையச் செயலிகளைத்தான் இன்னமும் நம்புகிறார்கள். தவறினால் உலகளாவிய விளைவு உண்டாகும் பணியில் இருப்பவர்கள் படிக்கக்கூடிய விதியை நாடுகிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த உரிமை கூடுதலாகத் தேவைப்படுகிறது. மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டது. தமிழில் எழுதிய தலைப்பு, அனுப்பும்போது பெரும்பாலும் ரோமன் எழுத்துக் குறியீடாக உருமாறித்தான் பயணம் செய்கிறது. கடிதத்தின் மூல உரையை நேரடியாகத் துழாவும் பழைய ப்ராக்மெயில் விதியில் 'கட்டணம்' என்று எழுதினால் அதனால்தான் ஒன்றும் சிக்காது. நாட்மச் அந்தக் குறியீட்டை அவிழ்த்துவிட்டே அட்டவணையிடுகிறது; தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே தேடலாம். ஆனால் அதன் சொல்வேர் காணும் பகுதி ஆங்கிலத்துக்கானது. 'கட்டணம்' என்று தேடினால் 'கட்டணத்தை', 'கட்டணத்துக்கு' என்று வேற்றுமை ஏற்ற சொற்கள் அகப்படா. 'கட்டண' வரை எழுதி நட்சத்திரக் குறியிட்டால் மூன்றும் கிடைக்கும். குறை தெரிகிறது, சுற்றுவழியும் தெரிகிறது, தீர்வுக்கான இடமும் தெரிகிறது. ஸ்னோபால் என்ற திறந்த சொல்வேர்த் தொகுப்பில் தமிழுக்கான நெறிமுறை ஏற்கெனவே இருக்கிறது. இணைத்துத் தருவது நம் நிரலாளர்களால் ஆகக்கூடிய வேலை. மூடிய சேவையில் இதே குறை இருந்தால் காத்திருப்பதைத் தவிர நமக்கு வேலையில்லை. ஒருங்குறிக்கு முந்தைய காலக் கடிதங்களையும் எண்ணிப் பாருங்கள். டிஸ்கி என்ற குறியேற்றத்தில் எழுதப்பட்ட 1990களின் இறுதிக்காலத் தமிழ் மடல்கள் இன்றைய திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றைக் கோப்பாக வைத்திருப்பவர், லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற கட்டளையால் ஒருங்குறிக்கு மாற்றிப் படித்துவிடலாம். டிஸ்கியை அது அறியும். கோப்பு கையில் இருந்ததால்தான் அந்த எழுத்து மீண்டும் தமிழாகிறது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். சாதாரண மக்களால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. எல்லோரும் தட்ட வேண்டியதில்லை. சீவ் விதிகளை ஏற்கும் அஞ்சல் சேவைகள் இன்று இருக்கின்றன. புரோட்டான் மெயிலும் ஃபாஸ்ட்மெயிலும் அதற்கு உதாரணங்கள். பல நிறுவனங்கள் நிறுவிக்கொள்ளும் டவ்காட் அஞ்சல் சர்வரிலும், ரவுண்ட்கியூப் என்ற இணைய முகப்பிலும் அதற்கு வசதி உண்டு. படிவத்தை நிரப்பினால் விதி தானாக எழுதப்படும். அப்படி நிரப்பினாலும் உள்ளே இருப்பது படிக்கக்கூடிய உரைதான் என்பதே முக்கியம். தவிர, மக்களின் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கடைத்தெருவில் கணக்கு எழுதுபவர்கள் எக்செல் தாளில் எழுதும் நிபந்தனைச் சூத்திரங்கள், ஓர் அஞ்சல் விதியைவிடக் கடினமானவை. பயன் கண்டதால் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. ஸ்பேமைக் கையால் எழுதிய விதிகள் தடுக்காது. இயந்திரக் கற்றல்தான் தடுக்கிறது என்கிறார்கள். இது உண்மை. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கைவிதிகளைவிடச் சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிடும் வடிகட்டி சிறப்பாக வேலை செய்வதை எடுத்துக்காட்டியது. ஆனால் அந்தக் கட்டுரைக்கு இன்னொரு சாரமும் உண்டு: ஒவ்வொருவரின் வடிகட்டியும் அவரவர் கடிதங்களைக் கொண்டே பழக வேண்டும். அதே ஆண்டில் எரிக் ரேமண்ட் எழுதிய போகோஃபில்டர் அப்படித்தான் பயனரின் கணினியில் ஓடியது. திருடனை வாசலில் தடுப்பது ஒரு வேலை. வீட்டுக்குள் வந்த விருந்தாளிகளில் யாரை முதலில் உட்கார வைப்பது என்பது வேறு வேலை. முதல் வேலையைக் காவலாளியிடம் விடலாம். இரண்டாவது வீட்டாருடையது. ஸ்பேமைக் காரணம் காட்டி இரண்டையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டதுதான் இன்றைய பிழை.

கைபேசி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என்று மூன்று திரையில் கடிதம் பார்ப்பவருக்கு இது உதவுமா என்பது மூன்றாவது கேள்வி. நாட்மச்சின் குறிச்சொற்கள் இயல்பாக ஒரு கணினியில்தான் வாழ்கின்றன. படித்தது, பதில் எழுதியது போன்ற சில அடையாளங்கள் மட்டுமே மற்ற கருவிகளுக்குப் போகும். இது மெய்யான குறை. இணைக்கும் கூடுதல் நிரல்கள் இருந்தாலும் அமைப்பது சிரமம். இதற்கு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே வழி. அவசரமானது, குடும்பத்தாருடையது, அலுவலகம் சார்ந்தது என்ற பெரும் பிரிவுகளை சர்வரிலேயே சீவ் செய்யட்டும்; அவை எல்லாத் திரையிலும் தெரியும். ஆழமான வகைப்பாடும் பழைய கடித ஆய்வும் சொந்தக் கணினியில் குறிச்சொற்களால் நடக்கட்டும்.

கைவிதியும் கடிதத்தைத் தொலைக்குமே என்பது நான்காவது. தொலைக்கும். கவனமின்றி எழுதிய ஒரு வரி, நல்ல கடிதத்தையும் குப்பைக்கு அனுப்பியதுண்டு. அழிப்பதற்கு விதி எழுதாதே, குறிப்பதற்கு மட்டும் எழுது என்பதுதான் அதற்கான ஒழுக்கம். கருவியே பழுதாவதும் உண்டு. 2001க்குப் பிறகு ப்ராக்மெயில் நீண்ட காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது; பாதுகாப்பு ஓட்டைகள் தெரியவந்ததும், முன்பு அதைப் பராமரித்தவரே 2014இல் அதைக் கைவிடச் சொன்னார். இலவச மென்பொருள் என்பதற்காக அது தானாக நலமாக இருந்துவிடாது. பராமரிப்புக்கு ஆளும் பணமும் வேண்டும். ஆனால் இன்பாக்ஸ் செயலி மூடப்பட்டபோது நடந்ததையும் இதையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ப்ராக்மெயில் பயனர்களிடம் விதிகள் எழுத்தில் இருந்தன. உட்கார்ந்து அவற்றை சீவ் மொழியில் திருப்பி எழுதிக்கொள்ள அவர்களால் முடிந்தது.

கடைசியாகப் பாதுகாப்பு. பெருநிறுவனங்கள் 2022இல் வெறும் கடவுச்சொல்லால் வெளிக் கருவிகள் அஞ்சல் பெட்டிக்குள் நுழைவதைப் பெருமளவு நிறுத்தின. திருட்டைக் குறைக்க இது தேவையான நடவடிக்கை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, தம் கடிதங்களைத் தாமே இறக்கிக்கொள்ள நினைக்கும் தனிமனிதரும் அனுமதிச் சீட்டுகளுக்காகப் பல படி ஏற வேண்டியிருக்கிறது. பூட்டு உறுதியாக இருக்கட்டும். வீட்டுக்காரருக்குச் சாவி எளிதில் கிடைக்கட்டும். சொந்தக் கணினியில் கடிதம் வைப்பவருக்கும் கடமை உண்டு: வட்டை மறையாக்கம் செய்வதும் வேறிடத்தில் நகல் வைப்பதும் அவர் பொறுப்பு.

ஆகவே மூன்று கோரிக்கைகள். முதலாவது அஞ்சல் சேவை நிறுவனங்களுக்கு: ஒவ்வொரு கடிதத்தின் மேலும் 'இது ஏன் இங்கே வைக்கப்பட்டது' என்று ஒரு வரி காட்டுங்கள். ஜிமெயிலில் நாம் எழுதிய வடிகட்டிகளைக் கோப்பாக இறக்க முடிகிறது. கடிதங்களை மொத்தமாக எடுக்கும்போது லேபிள்களும் கூடவே வருகின்றன. அந்த நேர்மையைத் தாவல்களுக்கும் முன்னுரிமைக்கும் விரிவுபடுத்துங்கள். இரண்டாவது அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்: மக்களின் விண்ணப்பமும் மாணவரின் முறையீடும் எந்த விதிப்படி எந்த மேசைக்குப் போகின்றன என்பது எழுத்தில், தணிக்கைக்கு உட்பட்டதாக இருக்கட்டும். பதிவேட்டில் எண் போட்டுத் தபால் வாங்கிய அலுவலகங்கள், மின்னஞ்சல் வந்ததும் அந்த ஒழுங்கைத் தளர்த்துவதற்கு நியாயமில்லை. மூன்றாவது கணினி அறிவியல் துறைகளுக்கு: பொறியியல் மாணவர் ஒருவர் பட்டம் பெறுமுன் தம் சொந்த அஞ்சல் பெட்டியைக் கோப்புகளாக இறக்கி, அட்டவணையிட்டு, பத்து விதிகள் எழுதிப் பார்க்க வேண்டும். உரைக்கோப்பு, குறியேற்றம், தேடல், நெறிமுறை என்று பல பாடங்களை அந்த ஒரே பயிற்சி கற்றுக்கொடுக்கும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எக்காரணத்தாலும் தவறவிடக் கூடாத அனுப்புநர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: வங்கி, மருத்துவமனை, பிள்ளையின் பள்ளி, வெளியூரில் இருக்கும் உடன்பிறப்பு. எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும் அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு விதியை நீங்களே எழுதுங்கள். அடுத்து, உங்கள் கடிதங்கள் முழுவதையும் ஒரு முறை இறக்கி உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை இது. நாளை அந்தச் சேவை மாறினாலும் மூடினாலும், கடிதங்களும் அவற்றை அடுக்கிய விதியும் உங்களிடமே இருக்கும்.